இடுப்பில் துப்பாக்கி, பாக்கெட்டில் மற்றதெல்லாம்: டெக்சாஸ் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெக்சாஸில் நம்மவர்கள் பலர் க்ரீன் கார்டு, குடியுரிமை என்று நிலைபெற்றுவிட்டார்கள். அவர்களில் சிலர் ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கி, லைசென்ஸும் எடுத்து, அப்புறம் அதை அலமாரியில் பூட்டியே வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "இடுப்பில் குத்துகிறது", "சட்டைக்கு வெளியே தெரிகிறது", "பயமாக இருக்கிறது" என்று மூன்றில் ஒரு பதில் வரும். பொங்கல் விழாவிலும் பிறந்தநாள் விருந்திலும் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். துப்பாக்கி வைத்துக்கொள்வது நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் போகவில்லை. சட்டம் பற்றிச் சொல்வது டெக்சாஸுக்கு மட்டும். நான் வக்கீல் இல்லை.

"நான் எச்-1பி-ல இருக்கேன். டெக்சாஸ்ல லைசென்ஸே வேண்டாமாமே, ஒண்ணு வாங்கிக்கலாமா?"

கூடாது. மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும், எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, சுற்றுலா விசா என்று தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். 2022-இல் இதற்கான அதிகபட்சத் தண்டனையை 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்த்தினார்கள். சிறைக்குப் பிறகு நாடு கடத்தலும் காத்திருக்கும். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதை நேரடியாகவே கேட்பார்கள். அதில் பொய் எழுதுவது இன்னொரு குற்றம்.

செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. "நண்பர் அப்படித்தான் வாங்கினார்" என்ற கதையை நம்பி இறங்காமல், குடியேற்றச் சட்டமும் தெரிந்த வக்கீலிடம் முதலில் பேசுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவை ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்கு, அழைத்துப்போய் "ஒரு ரவுண்டு சுட்டுப் பாருங்கப்பா" என்று கையில் கொடுப்பதும் இதே தடைக்குள் வரும். க்ரீன் கார்டு கைக்கு வந்தபின் இந்தத் தடை இல்லை.

"சரி, க்ரீன் கார்டு வந்துடுச்சு. லைசென்ஸ் எடுக்கணுமா, சும்மாவே வெச்சுக்கலாமா?"

2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டப்படி தகுதியும் உள்ளவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். ஆனாலும் எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் பதில். பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு இருக்கக் கூடாது என்று ஒரு மத்தியச் சட்டம் உண்டு. அந்த மாநிலத்தின் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு இருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவருக்கு அந்த விலக்கு கிடையாது. நம் ஆட்கள் நல்ல பள்ளிக்கூடம் பார்த்துத்தான் வீடே வாங்குகிறோம். பால் வாங்கப் போகும் வழியிலேயே இரண்டு பள்ளி இருக்கும்.

இன்னொன்று, வேறு மாநிலம் போகும்போது லைசென்ஸ் உதவும். டெக்சாஸ் லைசென்ஸைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன. நியூ ஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியா ஏற்பதில்லை. நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் மச்சானைப் பார்க்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

"ரொம்பச் சின்னதா ஒண்ணு சொல்லுங்க. சின்னதுதானே வசதி?"

எடுத்துச் செல்ல வசதி, சுடுவதற்கு வசதி இல்லை. ருகர் எல்சிபி என்ற குட்டித் துப்பாக்கி 300 கிராமுக்குள் அடங்கிவிடும். ஆனால் பிடிக்க இடமில்லை, கையை உதறும், பயிற்சிக்குப் போகவே மனம் வராது. க்ளாக் 19 நிறைத்த மேகசினோடு (தோட்டா அடைக்கும் பெட்டி) 850 கிராம் அளவில் இருக்கும். சுட நிம்மதியான துப்பாக்கி, ஆனால் புதியவருக்கு இடுப்பில் கனக்கும். 2018-இல் வந்த சிக் பி365 இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைத் திறந்தது. ஏறக்குறைய அரைக் கிலோ எடையில், மேகசினில் 10 தோட்டா. அடுத்த ஆண்டே க்ளாக் 43எக்ஸ் வந்தது. இன்று புதிதாக வாங்குபவர் இந்த அளவில் தேடுவதே நல்லது.

சட்டைக்கு மேல் துருத்துவது பெரும்பாலும் குழல் இல்லை, கைப்பிடி. குழல் காற்சட்டைக்குள் கீழ்நோக்கிப் போய்விடும். கைப்பிடிதான் பெல்ட்டுக்கு மேலே நின்று சட்டையைத் தள்ளும். அதனால் மறைப்பதுதான் கவலை என்றால் கைப்பிடி உயரத்தைப் பாருங்கள். குழல் கொஞ்சம் நீளமாக இருப்பது பல பேருக்குத் தொல்லையே இல்லை. சொல்லப்போனால் பெல்ட்டுக்குக் கீழே எடை இறங்குவதால் துப்பாக்கி முன்பக்கம் சாயாமல் நிற்கும்.

"எல்லாம் சரியா வாங்கினேன், ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்க முடியலை. என்ன தப்பு?"

பெல்ட். இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் 700 டாலர் துப்பாக்கியை அலுவலகத்துக்குக் கட்டும் மெல்லிய தோல் பெல்ட்டில் மாட்டியிருந்தார்கள். வளைகிற பெல்ட்டில் துப்பாக்கி கிணற்று வாளிபோல வெளியே சாய்ந்து தொங்கும். தொங்குவதைத் தடுக்கப் பெல்ட்டை இறுக்குவீர்கள், இறுக்கினால் இடுப்பெலும்பில் பதியும், கடைசியில் துப்பாக்கியைத் திட்டுவீர்கள். இதற்கென்றே உள்ளே விறைப்புத் தகடு வைத்த ஒன்றரை அங்குல பெல்ட்டுகள் விற்கின்றன. துளைக்குப் பதில் பல்சக்கரப் பூட்டு இருக்கிற வகை இன்னும் நல்லது. பிரியாணி சாப்பிட்டபின் கால் அங்குலம் தளர்த்திக்கொள்ளலாம்.

அடுத்தது காற்சட்டை. துப்பாக்கி உறை காற்சட்டைக்கு உள்பக்கம் போகுமானால் இடுப்பளவை ஒன்று அல்லது இரண்டு அங்குலம் கூட்டி வாங்குங்கள். 34 போடுபவர் 36. இதை ஒப்புக்கொள்ள மனசு வராமலே பல பேர் மாதக்கணக்கில் கஷ்டப்படுகிறார்கள். பணம் ஒதுக்கும்போதும் பெல்ட்டுக்கும் உறைக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில் துப்பாக்கி பார்க்கச் சொல்வேன்.

"உறைன்னா எது? அமேசான்ல பதினைந்து டாலருக்கே கிடைக்குதே?"

உறை என்கிற ஹோல்ஸ்டர் மூன்று வேலை செய்ய வேண்டும். ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்தை முழுக்க மூட வேண்டும், வெளியிலிருந்து விரலோ துணியோ அழுத்தினாலும் ட்ரிகர் அசையக் கூடாது. குனிந்தாலும் ஓடினாலும் துப்பாக்கி நழுவக் கூடாது. துப்பாக்கியை எடுத்தபின் வாய் மூடிக்கொள்ளாமல் திறந்தே நிற்க வேண்டும். "எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்" என்று விற்கிற மெல்லிய துணி உறைகள் இந்த மூன்றிலும் தோற்கும்.

கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் உங்கள் மாடலுக்கென்றே வார்த்த உறை 60 முதல் 100 டாலருக்குள் வரும். தோல் உடம்புக்கு இதமாக இருக்கும், ஆனால் வியர்வை குடிக்கும், பழையதானால் வாய் தொய்ந்து மடங்கும். மடங்கிய தோல் ட்ரிகருக்குள் புகுந்து வெடித்த விபத்துகள் உண்டு. ஹூஸ்டன் வெயிலுக்கு என் ஓட்டு கைடெக்ஸுக்கு.

"இடுப்புல எந்த இடம்? முன்னாடியா, பின்னாடியா?"

இங்கே கடிகாரக் கணக்கு வைத்துப் பேசுவார்கள். தொப்புள் 12 மணி என்றால், வலது கைக்காரருக்கு வலது இடுப்பெலும்பு 3 மணி. பரவலாக இருப்பவை இரண்டு. எலும்புக்குச் சற்றுப் பின்னால் 4 மணி, தொப்புளுக்கு வலப்பக்கம் 1 மணி. இரண்டாவதை அப்பெண்டிக்ஸ் என்பார்கள். 4 மணியில் நிற்கவும் நடக்கவும் சுகம். குனிந்தால் பின்பக்கம் துருத்தும், கூட்டத்தில் யாராவது பின்னாலிருந்து தொட்டாலும் உங்களுக்குத் தெரியாது. 1 மணியில் மறைப்பது எளிது, கண் பார்வையிலேயே இருக்கும், ஆனால் உட்காரும்போது வயிற்றையும் தொடையையும் அழுத்தும்.

தொப்பை உள்ளவர்களுக்கு அப்பெண்டிக்ஸ் ஆகவே ஆகாது என்பது பாதி உண்மை. உறையின் அடிப்பகுதியில் ஒரு நுரைத் துண்டு ஒட்டினால் அது குழல்முனையை வெளியே தள்ளி, கைப்பிடியை உடம்போடு சாய்க்கும், குத்துவதும் குறையும். உறையின் பக்கவாட்டில் கொக்கி மாதிரி ஒரு சிறு பாகம் வரும். அது பெல்ட்டின் உள்பக்கத்தில் முட்டி, கைப்பிடியை வயிற்றுப் பக்கம் திருப்பிவிடும். இந்த இரண்டையும் போட்டுப் பார்த்தபின் சரிவரவில்லை என்றால் 4 மணிக்கு மாறுங்கள். முதுகுத்தண்டின் மேலே, 6 மணியில் மட்டும் வேண்டாம். வழுக்கி மல்லாந்து விழுந்தால் எலும்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு இரும்பு இருக்கும்.

"முன்னாடி வெச்சா... அது எங்க பார்த்துக்கிட்டிருக்குன்னு யோசிச்சாலே உடம்பு கூசுது."

கூச வேண்டியதுதான். அந்தக் கூச்சம் உங்களைக் கவனமாக வைத்திருக்கும். உறைக்குள் அசையாமல் இருக்கும் நல்ல நிலையிலுள்ள துப்பாக்கியின் ட்ரிகரை எதுவும் தொடுவதில்லை. ஆபத்து பெரும்பாலும் திரும்ப உறையில் போடும் நேரத்தில் வருகிறது. சட்டை நுனி, ஜாக்கெட்டின் இழுகயிறு, நீட்டியே இருந்த ஆள்காட்டி விரல், இதில் ஒன்று வளையத்துக்குள் போனால் போதும்.

அதனால் காலையில் போடும்போது வெற்று உறையை இடுப்பில் மாட்டிவிட்டுத் துப்பாக்கியைச் செருகாதீர்கள். கழற்றிய உறையில், ஆபத்தில்லாத திசை பார்த்துத் துப்பாக்கியை வையுங்கள். பிறகு உறையும் துப்பாக்கியும் ஒரே பொருளாக இடுப்புக்குப் போகட்டும். இரவு கழற்றுவதும் அப்படியே. இரண்டும் சேர்ந்தே போகும், சேர்ந்தே வரும் என்ற இந்த வழக்கம் கீழே இன்னும் சில பதில்களில் வரும்.

"தோட்டாவை சேம்பர்ல, அதான் குழலோட பின்பக்க அறையில, ஏத்தி வெக்கணுமா, காலியா வெக்கலாமா?"

இங்குள்ள பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஏற்றியே வைக்கச் சொல்வார்கள். அவசரத்தில் இரண்டு கையும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பது அவர்கள் காரணம். புதியவருக்கு நான் சொல்வது வேறு வரிசை. முதல் சில வாரம் தோட்டாவே இல்லாமல், ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே நகரும் பாகம்) ஒருமுறை இழுத்துவிட்டு உறையில் வைத்து, வீட்டுக்குள் நடமாடுங்கள். துணி மடியுங்கள், தோட்டத்தில் வேலை செய்யுங்கள். இரவில் சரிபார்த்தால் சுடும் ஊசி இன்னும் பின்னால் இழுபட்டே இருக்கும், அதாவது ட்ரிகர் ஒருமுறைகூட அழுந்தவில்லை. பயம் தானாகக் குறையும். குறையவில்லை என்றால் காலி அறையோடு இருங்கள், அல்லது வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பயந்துகொண்டே தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைவிட அது மேல்.

"பெல்ட் தொல்லையே வேண்டாம்னு பேன்ட் பாக்கெட்லயே போட்டுக்கிட்டா?"

போடலாம், இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, பாக்கெட்டுக்கென்று செய்த உறை வேண்டும். ட்ரிகரை மூடி, துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்தி, எடுக்கும்போது தான் பாக்கெட்டிலேயே தங்கிவிடும் உறை. இரண்டு, அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி இல்லை, சில்லறை இல்லை, சூயிங் கம்கூட இல்லை. ஐந்து தோட்டா பிடிக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர் 400 கிராம் சொச்சம்தான், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியும் இல்லை. பாக்கெட்டுக்கு அதைத்தான் பலர் வைக்கிறார்கள். உட்கார்ந்த நிலையில் எடுப்பது மிகவும் கடினம், காரில் இருந்தால் கிட்டத்தட்ட முடியாது. பாக்கெட் பஞ்சு உள்ளே சேரும், வாரம் ஒருமுறை துடையுங்கள்.

"அப்போ போன், பர்ஸ், சாவி எல்லாம் எங்க போகும்?"

துப்பாக்கி இருக்கும் பக்கத்தைக் காலியாக விடுவதிலிருந்து ஆரம்பியுங்கள். வலது இடுப்பில் துப்பாக்கி என்றால் போனும் சாவியும் இடது முன்பாக்கெட். வலது கைக்கு வேலை இருக்கும்போது இடது கை எடுக்கக்கூடிய சிறு டார்ச்சும் அங்கேயே, கிளிப்பில். தினமும் உண்மையில் பயன்படப்போவது டார்ச்தான். சாவிக்கொத்தில் பழைய வீட்டுச் சாவி, ஜிம் அட்டை, திருப்பதி டாலர் எல்லாம் சேர்த்து வைத்திருப்பவர்கள் பாதியைக் கழற்றுங்கள்.

பர்ஸைப் பின்பாக்கெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். தடித்த பர்ஸின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து காலுக்கு இறங்கும் நரம்பு அழுந்தி வலி வருவதை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார்கள். பெல்ட்டில் ஒரு பக்கம் எடையும் கூடினால் இடுப்பு சாய்ந்தே போகும். நான்கு அட்டை பிடிக்கும் மெல்லிய பர்ஸ், இடது பக்கம். ஏன் இடது என்பதற்கு இன்னொரு காரணம், போலீஸ் கேள்வியில் வரும். மடக்குக்கத்தி வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்குத்தான் டெக்சாஸில் இடக் கட்டுப்பாடு. கூடுதல் மேகசினைவிட, ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டை ஒன்றைக் காரில் வைத்திருக்கச் சொல்வேன். சாலை விபத்துக்கும் அது உதவும்.

"வெயில் நூறு டிகிரி. ஜாக்கெட்டும் கிடையாது. எப்படி மறைக்கிறது?"

நம்மூர் வழக்கப்படி சட்டையை வெளியே விடுங்கள், அவ்வளவுதான். வெள்ளை, வெளிர் நிறங்களில் மெல்லிய துணி காட்டிக்கொடுக்கும். கட்டம் போட்டது, பூப்போட்டது மறைக்கும். உள்ளே பனியன் போட்டு, அதைக் காற்சட்டைக்குள் செருகி, அதன் மேல் உறை வரட்டும். வியர்வையில் பிளாஸ்டிக் தோலை உரசாது, துப்பாக்கியும் துரு ஏறாது.

எதிரே இருப்பவர் கண்டுபிடிப்பது துணியைப் பார்த்து இல்லை, உங்கள் கையைப் பார்த்துதான். நிமிடத்துக்கு ஒருமுறை இடுப்பைத் தொடுவது, சட்டையை இழுத்துவிடுவது, இதுதான் காட்டிக்கொடுக்கும். தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது என்றால் பெல்ட் பதிலுக்கு மறுபடி போங்கள்.

"கழிப்பறைக்குப் போனா என்ன பண்றது? சிரிக்காதீங்க."

சிரிக்கவில்லை. பொதுக் கழிப்பறையில் மறந்துவிட்டு வந்த துப்பாக்கிகள் பற்றிச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. கொக்கியில் மாட்டாதீர்கள், தண்ணீர்த் தொட்டி மேல் வைக்காதீர்கள். உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம். முழங்கால் அளவில் பெல்ட்டைத் திரும்பப் பூட்டினால் உறை நிமிர்ந்து நிற்கும். அடுத்த அறைக்காரர் கண்ணில் படாத உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"சுடிதார், சேலைக்கெல்லாம் பெல்ட்டே இல்லையே? கைப்பையில வெக்கலாமா?"

கைப்பையை வண்டியில் விடுவோம், நாற்காலியில் மாட்டுவோம், குழந்தை மிட்டாய் தேடிக் கையை விடும். அதனால் அது எனக்குப் பிடிக்காத வழி. வேறு வழியில்லை என்றால் துப்பாக்கிக்கென்று தனி அறை தைத்த பை, அதற்குள்ளும் உறை, தோளிலிருந்து இறக்கவே கூடாது.

சுடிதாருக்குள் வயிற்றுப் பட்டை கட்டலாம். வெறும் இலாஸ்டிக் பட்டை போதாது, ட்ரிகரை மூடும் கெட்டி உறை பதித்ததாக வாங்குங்கள். தளர்ந்த குர்த்தா எந்தச் சட்டையையும்விட நன்றாக மறைக்கும். எடுத்துப் பழகத்தான் நேரம் பிடிக்கும். சேலைக்கு நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. அன்றைக்கு வீட்டிலேயே பூட்டி வையுங்கள்.

"வேட்டி கட்டிக்கிட்டுக் கோயிலுக்கு?"

வேட்டி பெல்ட்டின் வெல்க்ரோ அரைக் கிலோ இரும்பைத் தாங்கத் தைத்தது இல்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். 2019 செப்டம்பர் முதல் டெக்சாஸில் வழிபாட்டுத் தலங்கள் மற்ற தனியார் இடங்கள் மாதிரிதான். தடைப் பலகை இருந்தால் கூடாது. 30.06 என்று தொடங்கும் பலகை மறைத்து எடுத்து வரும் லைசென்ஸ்காரருக்கு, 30.07 வெளியே தெரிய அணிபவருக்கு, 30.05 லைசென்ஸ் இல்லாதவருக்கு. 51% என்று சிவப்பில் பெரிதாகப் போட்டிருந்தால் அது மது விற்றே பாதிக்கு மேல் சம்பாதிக்கும் இடம், உள்ளே கொண்டுபோகக் கூடாது. கோயிலில் பலகை இல்லாவிட்டாலும், அங்கப்பிரதட்சிணம் வரை போகும் உத்தேசம் இருந்தால் விட்டுவிட்டுப் போங்கள்.

"ஆபீஸ்லயும் ஸ்கூல்லயும்?"

ஐடி அலுவலகங்களில் பெரும்பாலும் ஊழியர் கையேட்டிலேயே தடை இருக்கும், மீறினால் வேலை போகும். ஆனால் உங்கள் சொந்தக் காரைப் பூட்டி அதற்குள் வைத்திருப்பதைத் தனியார் நிறுவனம் பொதுவாகத் தடுக்க முடியாது, 2011-இலிருந்து அப்படி ஒரு சட்டம் உண்டு. பள்ளிக் கட்டடத்துக்குள்ளும், பள்ளி நிகழ்ச்சி நடக்கும் இடத்திலும் கூடாது. பிள்ளையைக் காரில் கொண்டுபோய் விடும்போது, மேலே சொன்ன 1000 அடி விலக்குக்கு லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். குடியுரிமை நேர்காணலுக்குப் போகும் அலுவலகம், சமூகப் பாதுகாப்பு அலுவலகம் எல்லாம் மத்திய அரசு இடங்கள், உள்ளே கூடவே கூடாது.

காரில் வைப்பது என்றால் கையுறைப் பெட்டியில் இல்லை. இருக்கையின் அடிச்சட்டத்தோடு கம்பியால் கட்டிய இரும்புப் பெட்டியில். அதுவும் போய்ச் சேரும் இடத்தில் எல்லோரும் பார்க்க எடுத்து வைக்காமல், கிளம்புவதற்கு முன்பே, உறையோடு சேர்த்து.

"போலீஸ் வண்டியை நிறுத்தினா?"

ஜன்னலை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து, அமைதியாக இருங்கள். அவர் அடையாள அட்டை கேட்டு, உங்களிடம் துப்பாக்கியும் இருந்தால், லைசென்ஸ் வைத்திருப்பவர் அதையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். பர்ஸ் இடது பக்கம் இருந்தால் நல்லது என்று சொன்னது இதற்காகத்தான். வலது இடுப்பை நோக்கி உங்கள் கை போவதை அவர் பார்க்க வேண்டாம். "துப்பாக்கி" என்ற சொல்லை முதலில் உரக்கச் சொல்லாதீர்கள். "என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஆயுதம் வலது இடுப்பில் இருக்கிறது, நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

"எனக்கு க்ரீன் கார்டு, வீட்டுக்காரர் இன்னும் எச்-1பி. ஒரே வீடு. பரவாயில்லையா?"

நீங்கள் வைத்திருக்கலாம், அவர் கைக்கு எட்டக் கூடாது. சட்டம் கையில் பிடித்திருப்பதை மட்டும் பார்ப்பதில்லை, நினைத்தால் எடுக்க முடிகிற நிலையையும் உடைமையாகப் பார்க்கிறது. எனவே பெட்டகத்தின் எண் உங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். காரில் விட்டுவிட்டு அதே காரை அவரிடம் ஓட்டக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகள் இருந்தால் இதே பெட்டகம் இன்னும் அவசியம். கவனக்குறைவால் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கையில் தோட்டா ஏற்றிய துப்பாக்கி சிக்கினால் டெக்சாஸில் அது உரிமையாளர் செய்த குற்றம். விருந்துக்கு வந்த வீட்டில் இடுப்பிலிருந்து கழற்றி அலமாரி மேல் வைப்பதும் இதில் வரும்.

"சென்னைக்குப் போறப்போ ஏர்போர்ட்ல என்ன சொல்லணும்?"

உள்நாட்டு விமானத்தில், தோட்டா நீக்கிய துப்பாக்கியைக் கெட்டிப் பெட்டியில் பூட்டி, கவுன்டரில் அறிவித்து, ஏற்றும் சாமானில் அனுப்பலாம். கைப்பையில் கூடாது. அப்படியும் 2023-இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. பெரும்பாலும் தோட்டா ஏற்றியவை. நிறையப் பேர் சொன்ன காரணம், பையில் இருந்ததே மறந்துபோனது.

சென்னைக்கு எதுவுமே கொண்டுபோகாதீர்கள். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு டெக்சாஸ் லைசென்ஸ் வெறும் அட்டை. துப்பாக்கி வேண்டாம், ஒரே ஒரு தோட்டா போதும். இந்திய விமான நிலையங்களில் பையின் மடிப்பில் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக வழக்கு வாங்கியவர்கள் உண்டு. தெரியாமல் இருந்தது என்று காட்டிப் பல உயர் நீதிமன்றங்களில் அத்தகைய வழக்குகள் ரத்தாகியிருக்கின்றன, ஆனால் அதற்குள் விடுமுறையும் பாஸ்போர்ட்டும் நீதிமன்றத்தில் மாட்டிக்கொள்ளும். ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை எந்தப் பயணத்துக்கும் எடுக்காதீர்கள், ஊருக்குப் போகும் சொந்தக்காரருக்கு இரவலாகவும் கொடுக்காதீர்கள்.